மார்ச் மாதத் தண்ணீர், ஒரே ஒரு சனிக்கிழமை: ஸ்மால்மவுத் பாஸுக்கு எதைக் கட்டுவது?

"அண்ணா, மார்ச் முதல் சனிக்கிழமை டேல் ஹாலோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போறோம். ஒரு நாள்தான் கிடைக்கும். என்கிட்ட ஏழடித் தூண்டில் ராடு ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். கடைக்குப் போனா சுவர் முழுக்க இரையா தொங்குது. ஜெர்க் பெய்ட் வாங்கவா, பிளேடு வாங்கவா, இல்ல தக்கை போட்டுப் பிடிக்கிறாங்களே, அதுவா?"

என்னோடு வேலை பார்க்கும் தம்பி போன வாரம் இப்படிக் கேட்டான். சாப்பாட்டு இடைவேளையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். குளிர் முழுதாக விலகும் முன்பே ஏரிக்குக் கிளம்புகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

நாங்கள் இருப்பது நாஷ்வில்லில். டேல் ஹாலோ ஏரி இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம், டென்னசியும் கென்டக்கியும் சந்திக்கும் எல்லையில். அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை ஓபி ஆற்றின் குறுக்கே 1943-இல் அணையைக் கட்டி முடித்தது; அதனால் உண்டான ஏரி சுமார் 27,700 ஏக்கர். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனைப் பிடிப்பவர்களுக்கு இந்த ஏரி ஒரு கோயில். 1955 ஜூலை 9 அன்று டேவிட் ஹேய்ஸ் என்பவர் இங்கே பிடித்த மீன் 11 பவுண்டு 15 அவுன்ஸ், ஏறக்குறைய 5.4 கிலோ. நடுவில் அந்தச் சாதனை மேல் சந்தேகம் கிளப்பப்பட்டுப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டது. எழுபது வருஷமாகியும் அதை யாரும் தாண்டவில்லை. அது கோடையில் கிடைத்த மீன்தான். ஆனால் இந்த ஏரியை நன்றாக அறிந்தவர்கள் பெரிய மீனுக்காகக் காத்திருப்பது குளிர்காலத்தின் கடைசி வாரங்களுக்கும் வசந்தத்தின் முதல் வாரங்களுக்கும்தான்.

ஸ்மால்மவுத் பாஸ் நம் ஊர் நீர்நிலைகளில் இல்லாத மீன். வெண்கல நிற உடம்பு, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள், சிவந்த கண். ஒன்றரைக் கிலோ மீன் ஒன்று தூண்டிலில் மாட்டினால் மூன்று கிலோ மீன் போல இழுக்கும். கோடையில் அது தானாகவே தேடி வந்து அடிக்கும். மார்ச் மாதக் குளிரில் அப்படி இல்லை. குழப்பம் எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

முதலில் வாங்க வேண்டியது தெர்மாமீட்டர்

கடையில் நிற்கும்போது "மார்ச் மாசத்துக்கு எது நல்லது?" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாரும் உண்மையைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் மார்ச் மாதத்தில் தண்ணீர் 6 டிகிரியாகவும் இருக்கலாம், 12 டிகிரியாகவும் இருக்கலாம். (இங்கே எல்லாரும் பாரன்ஹீட்டில் பேசுவார்கள். நான் செல்சியஸிலேயே எழுதுகிறேன்.) அந்த ஆறு டிகிரி வித்தியாசத்தில் மீன் வேறு மீனாகிவிடுகிறது.

மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டைப் பின்பற்றுவது. 7 டிகிரித் தண்ணீரில் இருக்கும் மீனின் உடம்பும் 7 டிகிரிதான். செரிமானம் மந்தமாகிவிடும், கோடையில் சீக்கிரம் கரைந்துவிடுகிற இரை இப்போது வயிற்றில் வெகுநேரம் கிடக்கும். பசியும் குறைவு, துரத்துகிற தெம்பும் குறைவு. அதற்காக அது தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். முட்டையிடத் தண்ணீர் 15 டிகிரியைத் தாண்ட வேண்டும், அதற்கு இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. பெண் மீனின் வயிற்றில் முட்டை வளர்ந்துகொண்டிருக்கிறது. தின்றாக வேண்டும். ஆனால் வாய்க்கு முன்னால் வந்து நின்றால்தான் தின்னும்.

ஆகவே நான் எல்லா இரைகளையும் ஒரே கேள்வியை வைத்து ஒப்பிடுகிறேன்: மீன் இருக்கும் ஆழத்தில், அதன் முகத்துக்கு நேராக, இது எத்தனை விநாடி நிற்கும்? 6 டிகிரித் தண்ணீரில் இந்தக் கேள்வி ஒன்றே போதும். 12 டிகிரியில் மற்ற கேள்விகளும் வரும்.

தெர்மாமீட்டரில் ஒரு ஏமாற்று உண்டு. கரையோரத்தில் முழங்கால் ஆழத்தில் அளந்தால் வெயில் பட்ட மேல்தண்ணீரின் சூடுதான் தெரியும். தூண்டில் நரம்பில் கட்டி மூன்று மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, இரண்டு நிமிஷம் விட்டுவிட்டு, சட்டென்று மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் நான் மேல்தண்ணீரில் 11 டிகிரி பார்த்துவிட்டு மதியம் வரை அதற்கேற்ற வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு இறக்கிப் பார்த்தால் கீழே 8 டிகிரி.

தக்கையும் ரோம ஜிக்கும்

இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான். தம்பி அதிகம் சந்தேகப்பட்டதும் இதைத்தான்.

இங்கே இதற்கு ஃப்ளோட் அண்ட் ஃப்ளை என்று பெயர். கிழக்கு டென்னசியின் மலைநாட்டு ஏரிகளில் உருவாகி டேல் ஹாலோவில் ஊன்றிவிட்ட முறை. ஒரு சின்ன ஜிக், அதாவது ஈயத் தலையோடு கூடிய தூண்டில் முள், 1.8 கிராமிலிருந்து 3.5 கிராம் வரை. அதில் வாத்து இறகோ செயற்கை ரோமமோ கட்டியிருக்கும். அதிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு அடி மேலே, இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு தக்கை. அவ்வளவுதான். மயிலிறகுத் தண்டை நறுக்கித் தக்கை கட்டி, கண்மாயில் கெண்டை பிடித்து வளர்ந்தவர்களுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போகும்.

இது ஏன் வேலை செய்கிறது? இந்த ஏரியில் த்ரெட்ஃபின் ஷாட் என்ற குட்டி மீன் உண்டு, நம் மத்திக்குத் தூரத்து உறவு. அதற்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 7 டிகிரிக்குக் கீழே போனால் தடுமாறும், நிறையச் செத்தும் போகும். செத்துக்கொண்டிருக்கும் குட்டி மீன் நீந்தாது. இருந்த இடத்திலேயே துடிக்கும், கொஞ்சம் இறங்கும், மறுபடி துடிக்கும். தக்கைக்குக் கீழே தொங்கும் ரோம ஜிக் அலையில் செய்வதும் அதையேதான். குளிர்காலத்து ஸ்மால்மவுத் பல நேரம் அடித்தரையில் இருப்பதில்லை. முப்பது நாற்பது அடித் தண்ணீருக்கு மேலே, பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்தில், செங்குத்தான பாறைக் கரையை ஒட்டி அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் மீனின் முகத்துக்கு நேராக ஒரு இரையை ஒரு நிமிஷம் முழுக்க நிறுத்தி வைக்க வேறு எந்தச் செயற்கை இரையாலும் முடியாது. என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

காற்று வேண்டும். சிற்றலை தக்கையை ஆட்டும், தக்கை ஜிக்கை ஆட்டும். காற்றே இல்லாத நாளில் ராடின் நுனியை லேசாக நடுங்கச் செய்யலாம், தக்கை நம் பக்கம் நகராத அளவுக்கு. ஆனாலும் அலை செய்கிற வேலையை மணிக்கட்டு செய்யாது.

ஜிக் தண்ணீரில் படுத்தாற்போல் கிடைமட்டமாகத் தொங்க வேண்டும். நரம்பின் முடிச்சு ஜிக் வளையத்தின் முன்பக்கம் சறுக்கிவிட்டால் மூக்கு மேலே, வால் கீழே என்று செங்குத்தாகத் தொங்கும், மீன் திரும்பிப் பார்க்காது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சைத் தள்ளிச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மீன் கொத்தினால் தக்கை முங்கும் என்று காத்திருந்தால் பாதி மீனைத் தவறவிடுவோம். ஸ்மால்மவுத் கீழேயிருந்து மேலே வந்து ஜிக்கை வாயில் வாங்கும்போது தக்கைக்குக் கீழே எடையே இல்லாமல் போகிறது. அப்போது நிமிர்ந்து நின்ற தக்கை மெல்லச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அதுதான் கொத்து. சாய்ந்ததும் தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு, ராடை நிதானமாக உயர்த்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய நரம்பு அறுந்துபோகும்.

சங்கடம் ராடில் வருகிறது. பத்தடி நரம்பு தக்கைக்குக் கீழே தொங்கும்போது ஏழடி ராடால் வீசவும் முடியாது, மீனைப் பக்கத்தில் கொண்டுவரவும் முடியாது. தக்கை ராடின் நுனியில் வந்து முட்டும்போதும் மீன் இன்னும் பத்தடி தள்ளியிருக்கும். ஒன்பது பத்தடி நீளமுள்ள, நன்றாக வளையும் ராடு வேண்டும். 4 அல்லது 6 பவுண்டு இழுவை தாங்கும் மெல்லிய நரம்பு அறுந்துபோகாமல் காப்பாற்றுவதும் அந்த வளைவுதான். தம்பியிடம் இருப்பது ஏழடி. என்ன செய்யலாம்? நழுவும் தக்கை போடலாம். நரம்பில் ஒரு தடுப்பு முடிச்சு, தக்கை அதுவரை நழுவி நின்றுகொள்ளும். வீசும்போது ஜிக்கும் தக்கையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், எந்த ராடிலும் வீசலாம். ஆனால் 1.8 கிராம் ஜிக்குக்கு நரம்பைத் தக்கை வழியாக இழுத்துக்கொண்டு இறங்கும் எடை போதாது, பாதியில் நின்றுவிடும். 3.5 கிராம் என்றால் இறங்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். நிலைத்த தக்கையின் நேர்த்தி இதில் வராது. இருந்தாலும் ஒரு நாளைக்காக இன்னொரு ராடு வாங்குவதைவிட இது மேல்.

ஜெர்க் பெய்ட்: அழகு, ஆனால் நிபந்தனை உண்டு

சுவரில் தொங்குவதில் கண்ணைப் பறிப்பது இதுதான். விரல் நீளத்தில், குட்டி மீன் வடிவத்தில், மூக்கில் உதடு மாதிரி ஒரு சின்னத் தகடு. இழுத்தால் பக்கவாட்டில் வெட்டி வெட்டிப் போகும். நிறுத்தினால் மேலே மிதக்காமல் கீழே இறங்காமல் அப்படியே நிற்கும். மெகாபாஸ் நிறுவனத்தின் விஷன் 110 மாதிரி ஒன்று 25 டாலர் பக்கம் வரும். ரபாலாவின் ஹஸ்கி ஜெர்க் அதைவிட மலிவு. ஆரம்பிக்கிறவர்களுக்கு மலிவானதே போதும். அறுந்து போனால் மனசு கஷ்டப்படாது.

நிற்கிறதே, அப்படியானால் தக்கைக்கு இது சமம்தானே என்று கேட்கலாம். இல்லை, இரண்டு காரணங்களால். ஒன்று, ஆழம்: பெரும்பாலான ஜெர்க் பெய்ட்கள் ஐந்து முதல் எட்டு அடி வரைதான் இறங்கும். பன்னிரண்டு அடியில் சோம்பி நிற்கும் மீன் நான்கைந்து அடி மேலே ஏறி வர வேண்டும். தண்ணீர் தெளிவு, ஸ்மால்மவுத் கண்ணால் வேட்டையாடும் மீன், அதனால் ஏறி வரும். ஆனால் 9 டிகிரிக்கு மேல்தான் நம்பிக்கையோடு வருகிறது. 7 டிகிரியில் சில நாள் வரும், பல நாள் வராது. இரண்டு, நிறுத்தம். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு இழுப்புக்கு நடுவே பத்து விநாடி, இருபது விநாடி, சில நாள் முப்பது விநாடிகூட நிறுத்தி வைக்க வேண்டும். வாயால் சொல்வது சுலபம். உள்ளங்கை மரத்துப்போகிற குளிரில், ஒன்றும் நடக்காத நாலாவது மணி நேரத்தில், இருபது வரை எண்ணுவது லேசான காரியம் இல்லை. எல்லாரும் எட்டிலேயே இழுத்துவிடுகிறார்கள். மீன் அப்போதுதான் பக்கத்தில் வந்திருக்கும்.

தக்கையில் இந்தப் பிரச்சினை இல்லை. அது நமக்காகப் பொறுமையாக இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு நான் அதை முதலில் சொல்வதற்கு இதுவும் முக்கியமான காரணம்.

ஆனால் தண்ணீர் 9 டிகிரியைத் தாண்டி, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்து, கரையில் காற்று மோதிக்கொண்டிருந்தால், நானே தக்கையைக் கழற்றிவிட்டு ஜெர்க் பெய்ட் கட்டுவேன். மீன் அந்தச் சமயத்தில் சரளைக் கரைகளை நோக்கி நகர ஆரம்பித்திருக்கும், ஒரே இடத்தில் கூட்டமாக இருக்காது. தக்கை ஒரு மணி நேரத்தில் துழாவும் கரையை ஜெர்க் பெய்ட் பதினைந்து நிமிஷத்தில் துழாவிவிடும். 10 முதல் 13 டிகிரி வரை இதற்கு இணை கிடையாது என்பது என் அனுபவம். பெரிய மீன் என் கைக்கு வந்ததும் அப்படிப்பட்ட நாள்களில்தான்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்ய வேண்டும். 'நிற்கும்' என்று பெட்டியில் போட்டிருப்பது எல்லாத் தண்ணீரிலும் நிற்காது. குளிர்ந்த தண்ணீருக்கு அடர்த்தி கொஞ்சம் கூடுதல், அறைச் சூட்டில் நின்ற இரை ஏரியில் மெதுவாக மேலே ஏறலாம். படகோரத்தில் விட்டுப் பார்த்து, ஏறினால் வயிற்றில் மெல்லிய ஈயத் துண்டு ஒட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு நூல் அளவுக்குக் கீழே இறங்கினால் பரவாயில்லை, மேலே ஏறுவதுதான் கெடுதல். ஃப்ளோரோகார்பன் நரம்பு, 8 அல்லது 10 பவுண்டு. அது தண்ணீரில் மூழ்கும், இரையையும் ஆழத்தில் பிடித்து வைக்கும்.

பிளேடும் அடியில் இழுக்கும் ஜிக்கும்

பிளேடு என்பது ஒரு உலோகத் தகடு, வயிற்றில் ஈயம், முதுகில் துளை. ராடை அரை அடி உயர்த்தினால் கை வரை அதிரும். விட்டால் மின்னிக்கொண்டே விழும். டென்னசிக்காரர்கள் பல தலைமுறையாகக் குளிர்காலத்தில் நம்புவது. சில்வர் படி என்ற பெயர் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். விலையும் குறைவு. ஆனால் நம் கேள்வியை இதன்மேல் வைத்தால் தோற்றுவிடும்: இது நிற்பதே இல்லை. விழுந்துகொண்டே இருக்கும், அல்லது தரையில் கிடக்கும். எனக்கு இது இரண்டு நிலைமைகளில்தான் தேவைப்படுகிறது. மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கி, மீனுக்குக் கண் தெரியாமல், அதிர்வு மட்டும் எட்டும்போது. அடுத்து, மீன் படகிலுள்ள எக்கோ திரையில் (ஒலி அலையால் மீனைக் காட்டும் கருவி) நாற்பதடி ஆழத்தில் தரையோடு ஒட்டித் தெரியும்போது. இந்த இரண்டாவதை நான் இப்போதெல்லாம் தவிர்க்கிறேன். அவ்வளவு ஆழத்திலிருந்து மீனை மேலே கொண்டுவந்தால் அதன் காற்றுப்பை ஊதிவிடும், திருப்பி விட்டாலும் கீழே போக முடியாமல் தத்தளிக்கும். வயிறு நிறைய முட்டை வைத்திருக்கும் மீனை அப்படிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: டேல் ஹாலோவின் பாறை அடியில் பிளேடு மாட்டிக்கொள்ளும். ஒரு நாளில் நாலு இழக்கலாம்.

அடியில் இழுக்கும் ஜிக் வேறு கதை. நெட் ரிக் என்று சொல்வார்கள்: காளான் வடிவ ஈயத் தலை, அதில் கட்டைவிரல் நீள பிளாஸ்டிக் துண்டு. வீசி, தரை தொடும்வரை காத்திருந்து, நத்தை மாதிரி நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்த வேண்டும். மீன் தரையில் இருந்தால் இது நிற்கும் நேரத்துக்குக் கணக்கே இல்லை. வேண்டுமானால் இரண்டு நிமிஷம் அப்படியே கிடக்கட்டும். ஏழடி ராடுக்குப் பொருத்தம். காற்றே இல்லாமல், வானம் நீலமாக, தக்கை பொம்மை மாதிரி நிற்கிற நாளில் என்னைக் காப்பாற்றியது பெரும்பாலும் இதுதான். குறை என்ன? கொத்து தெரியாது. குளிரில் 'டக்' என்று தட்டாது. நரம்பு கொஞ்சம் கனமாகும், அல்லது தண்ணீரில் இறங்கும் இடத்தில் ஒரு அங்குலம் பக்கவாட்டில் நகரும். ஈர இலை மாட்டின மாதிரி இருக்கும். பழகாத கைக்கு முதல் நாளே அது பிடிபடுவது கஷ்டம். தக்கையோ கண்ணுக்கு முன்னால் சாய்ந்து காட்டுகிறது.

இன்னொரு விஷயம், எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. தக்கைக்காக வாங்கும் அதே 3.5 கிராம் ரோம ஜிக்கைத் தக்கையைக் கழற்றிவிட்டு நேராகவும் வீசலாம். பத்து வரை எண்ணி இறங்கவிட்டு, ரீலின் கைப்பிடியை எவ்வளவு மெதுவாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் அந்தரத்தில் நீந்தும். இன்னும் இறங்கவிட்டால் தரையில் இழுக்கலாம். ஒரே இரை, மூன்று ஆழம். ஒரு ராடும் ஒரு நாளும் மட்டும் உள்ளவனுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

உயிர் இரை வாங்கலாமா என்று அவன் கேட்கவில்லை, ஆனால் மரீனாவில் (படகுத்துறையில்) யாராவது கட்டாயம் சொல்வார்கள். குளிர்ந்த தண்ணீரில் உயிருள்ள குட்டி மீன் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும், அதில் சந்தேகம் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்வது, மீன் அதை ஆழமாக விழுங்கிவிடும் என்பதால். முள் தொண்டையிலோ செவுளிலோ ஏறினால் அந்த மீனைத் திருப்பி விடுவதில் அர்த்தம் இல்லை. டேல் ஹாலோவில் திருப்பி விட்டே ஆக வேண்டிய அளவுகளும் உண்டு: 16 முதல் 21 அங்குலம் வரை உள்ள ஸ்மால்மவுத் பாதுகாக்கப்பட்டது. ஒரு நாளைக்கு இரண்டுதான் எடுக்கலாம், 16 அங்குலத்துக்குக் கீழே ஒன்று, 21-க்கு மேலே ஒன்று. நமக்குக் கிடைக்கும் நல்ல மீன் பெரும்பாலும் அந்த நடு அளவில்தான் இருக்கும். அதனால் உதட்டில் மட்டும் முள் ஏறுகிற முறைதான் வேண்டும். கிளம்பும் முன்பு மாநில வனவிலங்குத் துறையின் விதிகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவை மாறக்கூடியவை. டொராண்டோவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒண்டாரியோவில் பல இடங்களில் பாஸ் பருவம் ஜூன் மாதம்தான் திறக்கிறது. உங்கள் மண்டலத்து விதியைப் பார்க்காமல் இதை அங்கே முயற்சி செய்ய வேண்டாம்.

எங்கே, எப்போது

தப்பான கரையில் சரியான இரையைப் போட்டுப் பயனில்லை, அதனால் இதையும் சொல்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டாம். இந்தப் பருவத்தில் நல்ல நேரம் மதியம் ஒன்றிலிருந்து நாலரை வரை, பகல் முழுக்க வாங்கிய வெயில் தண்ணீரில் தெரிய ஆரம்பிக்கும் நேரம். அரை டிகிரி ஏறினாலும் போதும். ஏரியின் வடக்குக் கரை தெற்குப் பார்த்து இருக்கும். வெயில் அதிக நேரம் விழுவதும் வாடைக் காற்று படாததும் அங்கேதான். அந்தப் பக்கத்தில் செங்குத்துப் பாறை முடிந்து உடைகல்லும் சரளையுமாக மாறும் இடத்தைத் தேட வேண்டும். ஆழத்தில் கிடந்த மீன் மேலே வருவதற்கு அந்த மூலைதான் படிக்கட்டு. இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லையென்றால் இரையை மாற்றுவதற்கு முன்னால் ஆழத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். தக்கையை இரண்டடி மேலே தள்ளினால் போதும், சில நாள் அதுவே விஷயத்தை மாற்றிவிடும்.

கரையில் நின்றா, படகிலா? இந்த ஏரியில் மார்ச் மாதத்துக்குப் படகுதான். செங்குத்துக் கரைகளுக்கு நடந்து போக முடியாது, போனாலும் வீச இடம் இருக்காது. தம்பியும் அவனுடைய மச்சானும் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் போட்டிருக்க வேண்டும், நாள் முழுக்க. 8 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. பத்து நிமிஷத்துக்குள் கைவிரல்கள் சொன்னபடி கேட்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் அப்படித்தான். உடம்பு முழுதாகக் குளிர்ந்துபோவதற்கு முன்பே பலர் மூழ்கிவிடுவது இதனால்தான். மாற்று உடை ஒரு செட், தண்ணீர் புகாத பையில்.

சரி, தம்பிக்கு என் பதில். வெள்ளையும் சாம்பலுமாக 3.5 கிராம் ரோம ஜிக் ஆறு வாங்கு. நழுவும் தக்கை இரண்டு, தடுப்பு முடிச்சு ஒரு பாக்கெட். 6 பவுண்டு நரம்பு. மலிவான ஜெர்க் பெய்ட் ஒன்று, வெள்ளி நிறத்தில். அதுக்கு 6 பவுண்டு நரம்பு கொஞ்சம் மெல்லிசுதான், பெரிய மீன் மாட்டினால் ரீலின் டிராக்கை (நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம்) தளர்த்திப் பொறுமையாக விளையாடு. காளான் தலையும் பிளாஸ்டிக்கும் ஒரு பாக்கெட், காற்று இல்லாத நாளுக்கு. பிளேடு இந்த முறை வேண்டாம். ஏரிக்குப் போனதும் தெர்மாமீட்டரை மூன்று மீட்டர் இறக்கிப் பார். 9-க்குக் கீழே என்றால் காலையிலிருந்து தக்கை. பத்தடியில் ஆரம்பி. 9-ஐத் தாண்டி அலையும் இருந்தால் மதியத்துக்கு மேல் ஜெர்க் பெய்ட் கட்டு, இருபது வரை எண்ணு. மீன் வந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடி, படம் ஒன்று எடு, வயிற்றைத் தாங்கியபடியே தண்ணீருக்குள் இறக்கி, அது தானாக வாலை அசைத்துப் போகும்வரை கையை எடுக்காதே.